குப்பை மின்சாரமும் அதன் இரு கணக்குகளும்

ஸ்ரீ கெம்பாங்கானில் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் இரவு கடையடைக்குமுன் செய்யும் கடைசி வேலை, குப்பைப் பையைப் பின்சந்தில் கொண்டுபோய் வைப்பதே. அதற்குப்பின் அது எங்கே போகிறதென்று நம்மில் அநேகர் சிந்திப்பதில்லை. ஆனால் அந்தக் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் இது. ஆகவே அதன் கணக்கையும் நாம் சற்று அறிந்திருத்தல் அவசியம்.

அழுகிய காய்கறி, தேங்காய்மட்டை, காகிதம் ஆகியவை மண்ணில் மறுபடியும் விளைபவை. பிளாஸ்டிக் பை, போலிஸ்டைரின் பெட்டி, நைலான் துணி ஆகியவையோ பூமிக்கடியில் கிடந்த எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் பிறந்தவை. அவற்றை எரித்து மின்சாரம் எடுப்பது எண்ணெயை எரிப்பதற்கு ஒப்பாகும். ஒரு கிலோ பாலித்தீன் எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. ஒரே கூடையில் கிடந்தாலும் பேரேட்டில் இவை வேறு வேறு பக்கங்களில் எழுதப்பட வேண்டியவை. ஐரோப்பியப் புள்ளிவிவரத்தில், பங்கு தெரியாதபோது பாதிக்குப் பாதி என்று பதிந்துவிடுகிறார்கள். கடைக்கணக்கை நாம் அப்படி எழுதினால் கூட்டாளி ஒப்புவாரா?

நமக்கு அண்மையில் பூச்சோங் ஆயர் ஹீத்தாமில் ஒரு குப்பைமேடு உண்டு. 2006 முடிவில் மூடப்பட்டது. குப்பை அழுகி எழும் மீத்தேன் வாயுவைக் குழாய்வழி இழுத்து, 2004-ல் அங்கே 2 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். இது முதல் பக்கத்துக் கணக்கு. பிளாஸ்டிக் அழுகி வாயு தராது. எரித்தால்தான் அதனிடம் மின்சாரம் பெறலாம்.

சிங்கப்பூர் 1979-ல் உலு பாண்டானில் உலை மூட்டியது. சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. சுவீடனோ அந்நிய நாட்டுக் குப்பையைக் கூலி வாங்கிக்கொண்டு எரித்து, அந்த வெப்பத்தால் தன் வீடுகளைச் சூடாக்குகிறது. சரக்கோடு பணமும் வாங்கும் இவ்வியாபாரம் நமக்குத் தோன்றாமற் போயிற்றே!

டில்லி திமார்பூரில் 1987-ல் டென்மார்க் உதவியுடன் கட்டிய உலையின் கதை வேறு. நாளொன்றுக்கு 300 டன் எரிக்கவேண்டிய அது, சில வாரங்களிலேயே நின்றுபோயிற்று. வந்த குப்பையில் ஈரமும் மண்ணுமே மிகுதி. பச்சை விறகில் உலை கொதிக்குமா? நம் நாட்டுக் குப்பையும் ஈரக் குப்பைதான். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஈரக் குப்பை எரிய உலைக்குப் பிளாஸ்டிக் வேண்டும். கட்டியபின் அதற்குத் தீனி தேடவேண்டும். அப்போது பையைக் குறைக்கச் சொல்பவர் யார்?

பூச்சோங்கில் கட்ட எண்ணி, 2002-ல் புரோகாவுக்கு மாற்றப்பட்ட 1,500 டன் உலைத் திட்டத்தை ஊர்மக்கள் எதிர்த்தனர், வழக்கும் நடந்தது. 2007-ல் அது கைவிடப்பட்டது. பின்னர் 2017 முதல் சிலாங்கூரில் பைக்கு 20 சென் விதித்தபோது, வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கியவர்கள் நாம்தான்! ஆயினும், வீட்டிலிருந்தே பை கொண்டுவருவோர் இப்போது உண்டு.

நம் கடையின் பின்சந்தில் இரு தொட்டிகள் வைத்திருக்கிறோம். ஈரம் ஒன்றில், பிளாஸ்டிக் மற்றொன்றில். லாரி வந்ததும் இரண்டையும் ஒன்றாகவே கொட்டிக்கொண்டு போகிறார்கள். அட்டைப் பெட்டிகளை மட்டும் பழைய சாமான்காரர் நிறுத்து வாங்கிச் செல்கிறார்.