மீண்டும் வரும் வால்வு நோயும் மரபணுச் சான்றும்

இருதய வால்வில் பாக்டீரியா படிந்து ஏற்படும் அழற்சி 'எண்டோகார்டைடிஸ்' எனப்படும். ருமாட்டிக் காய்ச்சலால் பழுதுற்ற வால்வுகளையும் செயற்கை வால்வுகளையும் இது எளிதில் பற்றும். நான்கு முதல் ஆறு வாரங்கள் ஊசி மருந்து செலுத்திய பின்னரும் சிலருக்கு இந்நோய் மீள்கிறது.

மீண்டும் வந்தது பழைய கிருமியா, புதியதா? விடையைப் பொறுத்தே சிகிச்சை அமையும். பழையதெனில், அது வால்விலேயே மருந்துக்குத் தப்பிப் பிழைத்திருக்கக்கூடும். மருந்தை மாற்றவோ அறுவைச் சிகிச்சை செய்யவோ நேரிடலாம். புதியதெனில், பல் நோய் போன்ற நுழைவாயிலைக் கண்டு களைதல் வேண்டும்.

ஆறு மாதங்களுக்குள் அதே இனக் கிருமி தோன்றின் பழையதெனக் கருதுவது வழக்கம். ஆயினும் ஓரினத்துள் பல வகைகள் உண்டு. இரு முறையும் கிடைத்த கிருமிகளின் மரபணுத் தொகுதியை முழுமையாக ஒப்பிட்டாலன்றி ஐயம் தீராது.

மைசூரில் கே. ஆர். மருத்துவமனையும் ஜெயதேவா இருதய நிறுவனத்தின் கிளையும் உள்ளன. இத்தகைய பெரிய மருத்துவமனைகளை அடையுமுன்பே நோயாளி நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டிருந்தால், இரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமற் போகலாம். 2014இல் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணை, இவற்றுட் சிலவற்றின் விற்பனைக்கு மருத்துவர் சீட்டையும் பதிவேட்டையும் கட்டாயமாக்கியது.

எனவே, முதல் மருந்துக்கு முன் இரத்தம் எடுத்தல், வளர்ந்த கிருமியை உறைநிலையில் பாதுகாத்தல் ஆகிய இரண்டும் முதற்கண் தேவை. இவையின்றி விலையுயர்ந்த மரபணுக் கருவியை நிறுவுவது, விதையின்றி உழுவதையே ஒக்கும்.