நம்பிக்கைகளும் உண்மைகளும்: எண்ணெய் தேடும் கம்பெனியின் பின்பக்கக் கணக்கு

குருக்கள்மடத்துக்கு மேற்கே வாவி, கிழக்கே வங்கக்கடல். இடையில் கிடக்கும் மணல் துண்டில் கடலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கை தேவையில்லாத தாளாகத் தோன்றலாம். ஆனால் அதன் பின்பக்கங்களில் 'கடப்பாடுகளும் நிகழத்தக்க பொறுப்புகளும்' என்று ஒரு குறிப்பு வரும். நம் கடலைப் பற்றி அந்தக் கம்பெனி எதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறது, எதற்குக் கொடுக்கவில்லை என்பதை அங்கேதான் தேட வேண்டும். ஊரில் உலவும் சில எண்ணங்களை அந்தக் குறிப்போடு வைத்துப் பார்ப்போம்.

'ஆய்வுக் கப்பல் வந்திட்டு, இனி எண்ணெய் எடுக்கத்தான் போறாங்க.'

இல்லை. பிரான்சின் டோட்டல் நிறுவனம் 2016இல் கிழக்குக் கடலின் ஜே.எஸ்.5, ஜே.எஸ்.6 துண்டங்களுக்காக இலங்கை அரசாங்கத்தோடு செய்துகொண்டது கூட்டு ஆய்வு ஒப்பந்தம். தரவு திரட்டுவதும் அதைப் படிப்பதும்தான் அதன் வேலை. கிழக்குக் கடலில் இன்றுவரை ஒரு கிணறும் தோண்டப்படவில்லை.

தோண்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அடுத்த கட்டத்தில், எண்ணெய் தேடும் உரிமத்தோடுதான் வரும். கெய்ர்ன் லங்கா 2008இல் மன்னார்ப் படுகையில் ஒரு துண்டத்தைப் பெற்றபோது, முதற்கட்டத்தில் மூன்று கிணறுகள் தோண்டுவதாக ஒப்புக்கொண்டது. 2011 ஓகஸ்டில் ஜப்பானின் 'சிக்யூ' துளையிடும் கப்பலைக் கொண்டு தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் மூன்றையும் முடித்தது. பராகுடா கிணற்றில் கடலின் ஆழம் மட்டும் ஏறத்தாழ 1,500 மீற்றர். டொராடோவிலும் பராகுடாவிலும் இயற்கை வாயு தென்பட்டது, மூன்றாவது வெறுங்கிணறு. 2013இல் தோண்டிய நான்காவதும் வெறுங்கிணறு. 2015இல் துண்டத்தை ஒப்படைத்துவிட்டுக் கம்பெனி வெளியேறியது. ஒப்புக்கொண்டு இன்னும் செய்து முடிக்காத இப்படியான வேலைகளும், அவற்றுக்கு வாடகைக்குப் பேசிய கப்பல்களும்தான் 'கடப்பாடுகள்'.

'எண்ணெய் கிடைக்காட்டி அந்தச் செலவு அரசாங்கத்தின் தலையில்.'

வெறுங்கிணற்றின் நட்டம் கம்பெனியுடையது. உற்பத்தி தொடங்கினால் மட்டுமே, வரும் வருமானத்திலிருந்து செலவைக் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்த பிறகுதான் இலாபம் பங்கிடப்படும் என்பதால் கம்பெனி காட்டும் ஒவ்வொரு செலவையும் அரசாங்கம் தணிக்கை செய்தாக வேண்டும். 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பெற்றோலிய அபிவிருத்தி அதிகார சபையிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

'பொறுப்பு எண்டு எழுதியிருந்தால் அதுக்குக் காசு ஒதுக்கித்தான் வைச்சிருப்பாங்க.'

மிகவும் ஆபத்தான நம்பிக்கை இது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 37 (உலக நியமமும் அதே இலக்கம்தான்) இரண்டு வகைகளைப் பிரிக்கிறது. ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றால் பணம் போகாமலிருப்பதைவிடப் போவதற்கே வாய்ப்பு அதிகமாகி, தொகையையும் நம்பத்தக்க விதமாகக் கணிக்க முடிந்தால் அது 'ஏற்பாடு'. ஐந்தொகையில் பொறுப்பாகவே ஏறும். கிணற்றைத் தோண்டிய பிறகு அதைச் சீமெந்திட்டு மூடும் செலவு இந்த வகை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றாலோ, தொகையைக் கணிக்க முடியாது என்றாலோ அது 'நிகழத்தக்க பொறுப்பு'. குறிப்பில் சில வரிகள், அவ்வளவுதான். வாய்ப்பு மிகக் குறைவென்று கம்பெனி முடிவு செய்தால் அந்த வரிகளும் வராது.

இனிமேல் நடக்கக்கூடிய ஒரு கசிவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வைக்க அந்த நியமம் இடம் கொடுப்பதில்லை. 2010 ஏப்ரல் 20ஆம் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் மகோண்டோ கிணறு வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கிணற்றை நடத்திய பி.பி. நிறுவனத்துக்கு ஏற்பட்ட மொத்தச் செலவு 60 பில்லியன் டொலரைத் தாண்டியது. கிணற்றில் கால்பங்கு வைத்திருந்த அனடார்கோ, பி.பி.யுடன் இணங்கி 4 பில்லியன் டொலர் கொடுத்தது. அவர்களிடம் கொடுக்கப் பணம் இருந்தது. நம் கடலுக்கு வருவது பெரும்பாலும் உள்ளூரில் பதிந்த ஒரு துணைக் கம்பெனியாக இருக்கும். கெய்ர்ன் லங்காவும் அப்படித்தான். தாய்க் கம்பெனியின் உத்தரவாதமும் வங்கி உத்தரவாதமும் காப்புறுதியும் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், துணைக் கம்பெனியின் கையிருப்போடு எல்லாம் முடிந்துவிடும்.

'எண்ணெய் கொட்டினால் சர்வதேச நிதியிலிருந்து தருவாங்க.'

அந்த நிதியும் அதன் உடன்படிக்கைகளும் எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கானவை. கடலடிக் கிணறு வெடித்தால் அவை உதவாது. கிணற்றுக் கசிவுக்கென உலகம் முழுவதற்கும் பொதுவான இழப்பீட்டு உடன்படிக்கை எதுவும் கிடையாது. நமக்கு உள்ளது உள்நாட்டுச் சட்டமும் ஒப்பந்தமும்தான்.

கப்பல் விபத்தே எப்படி முடிகிறது என்பதை நமக்குத் தெற்கே பார்த்தோம். 2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால், ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெயோடு 'நியூ டயமண்ட்' எரிந்தது. ஒரு மாலுமி இறந்தார். நல்லகாலமாக மசகெண்ணெய்த் தாங்கிகள் தப்பின. கப்பலின் சொந்த எரிபொருள்தான் கசிந்தது. உரிமையாளரிடம் அரசாங்கம் முதலில் கேட்டு வாங்கியது தீயணைத்த செலவு. அது கணக்கிட்டுக் காட்டக்கூடிய செலவு.

மகோண்டோவுக்குப் பிறகும் இதே கதைதான். இழப்பீடு கேட்ட மீனவர்கள் முந்தைய ஆண்டுகளின் வருமானத்தைத் தாளில் காட்ட வேண்டியிருந்தது. கைக்காசுக்கு விற்று வாழ்ந்த வியட்நாமிய அமெரிக்க மீனவர்கள் பலர் அங்கே திணறினார்கள். நம் கரையிலும் கரைவலை இழுத்ததும் மீன் வியாபாரியின் பெட்டிக்குப் போகிறது, காசு கைக்கு வருகிறது. தாள் எதுவும் மிஞ்சுவதில்லை. தொகையைக் கணிக்க முடியாத இழப்பு கம்பெனியின் கணக்கில் ஏற்பாடாக ஏறாது. ஆகவே மீனவர் சங்கங்கள் இப்போதே ஒரு கொப்பி போட வேண்டும்: திகதி, படகு அல்லது வலை, மீன் வகை, நிறை, விற்ற விலை. மாதம் ஒருமுறை கடற்றொழில் பரிசோதகரின் கையொப்பத்தையும் வாங்கி வைக்க வேண்டும். அடுத்த ஆய்வுக் கப்பல் வருவதாக அறிவித்தல் வந்தால், கடலுக்குப் போகமுடியாத நாட்களுக்கு யார், எந்த விலையில் கொடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுமாறு கேட்க அந்தக் கொப்பி கையில் இருக்கும்.