இடம் மாறி வாழும் வீடுகள்

கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவி 1987ஆம் ஆண்டு தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் கடற்கரையோரம் தங்கும் விடுதிகள் பெருகின. சிமெண்டு வீடுகள் எழ எழ, விவசாயிகள் வாழ்ந்த கம்பத்து மரவீடுகள் குறைந்தன. ஆளில்லாத வீடுகள் கறையானுக்கு இரையாயின. எனினும், சில பழைய வீடுகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

பந்தாய் செனாங் கடற்கரைக்கு அருகில் 'போன் டோன்' என்னும் தங்கும் விடுதி உள்ளது. ஆஸ்திரேலியரான நரெல் மெக்முர்ட்ரி, நூறாண்டு பழமையான மலாய் மரவீடுகள் எட்டினை வாங்கி, அவற்றை இங்கே கொண்டுவந்து செப்பனிட்டார். விடுமுறைக்கு வரும் பயணிகள் இன்று அவ்வீடுகளில் வாடகைக்குத் தங்குகின்றனர்.

ஒரு வீட்டை எப்படி இடம் மாற்றுவது? அதற்கான விடை மலாய்த் தச்சரின் கைத்திறனில் உள்ளது. தூணில் துளையிட்டு, அதில் உத்திரத்தைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்குவது அவர்களது முறை. இந்தப் பொருத்துகளுக்கு ஆணி தேவையில்லை. ஆப்பைத் தட்டிக் கழற்றினால் சட்டகம் பாகம் பாகமாகப் பிரிந்துவிடும். தூண்களும் பெரும்பாலும் மண்ணில் புதைக்கப்படாமல் கற்களின்மீது நிற்கும். முற்காலத்தில் சிறிய வீடுகளைப் பிரிக்காமலேயே ஊரார் ஒன்றுகூடித் தோளில் சுமந்து சென்றதும் உண்டு.

இவ்வீடுகள் வெப்பத்தையும் மழையையும் அறிந்து கட்டப்பட்டவை. உயர்ந்த தூண்கள் வீட்டை வெள்ளத்திலிருந்து காக்கும். வீட்டின் அடியில் காற்று உலவும். அங்கே வேளாண் கருவிகளையும் வைக்கலாம். சன்னல்கள் ஏறக்குறைய தரைவரை நீண்டிருப்பதால், பாயில் அமர்ந்திருப்பவர் மீதும் காற்று படும். சரிந்த கூரை மழைநீரை விரைந்து வடியச் செய்யும். முன்புறம் விருந்தினருக்கான திண்ணை, நடுவில் குடும்பத்தினர் புழங்கும் பெரிய கூடம், பின்புறம் சமையலறை என வீடு அமைந்திருக்கும்.

இத்தகைய வீட்டில் ஓர் இரவு தங்குபவர், நூலில் படித்ததை உடலால் உணர்கிறார். படியேறும் முன் காலணியைக் கழற்றுகிறார். பலகைத் தரையில் தம் காலடி ஓசையைக் கேட்கிறார். அதே வேளையில், குளிர்சாதனமும் நவீனக் குளியலறையும் அவருக்குத் தேவைப்படுகின்றன. வீடு தான் பிறந்த மண்ணையும், அதில் வாழ்ந்த குடும்பத்தையும் பிரிந்து நிற்கிறது. குடும்பத்தாரோடு தங்கும் 'ஹோம்ஸ்டே' திட்டத்தில் கிடைக்கும் உறவை இங்கு எதிர்பார்க்க இயலாது. ஆயினும், வாடகைப் பணம் இல்லையெனில் பழுதுபார்ப்பதற்கு வழியில்லை. மரவீடு ஆண்டுதோறும் கவனிப்பைக் கேட்கும். பூட்டிக்கிடக்கும் வீட்டைவிட, மாற்றங்களோடு புழக்கத்தில் இருக்கும் வீடே நெடுநாள் நிலைக்கும்.

கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களுக்கும் இது சிந்திக்கத்தக்க செய்தியாகும். சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது லயத்து வீடுகளும் இடிக்கப்பட்டன. அவை அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. நெருக்கடியான அறைகளில் வறுமையோடு வாழ்ந்தவர்களின் வீடுகள். அதனால் அவற்றைப் பேணிக் காக்கும் எண்ணம் பலருக்குத் தோன்றவில்லை. ஆனால், உழைத்துக் களைத்த ஒரு தலைமுறையின் வரலாறு அந்தச் சுவர்களுக்குள்தான் நடந்தது.

எல்லா வீடுகளையும் விடுதியாக்க இயலாது. எஞ்சியிருப்பவற்றைப் படம் எடுக்கலாம். அறைகளின் அமைப்பை வரைந்து வைக்கலாம். அங்கு வாழ்ந்த தாத்தா பாட்டியரின் நினைவுகளைக் கேட்டு எழுதலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஆனால், அவர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும்.