வெந்நீர் அடுப்புக்கு வார்ப்பிரும்புச் சல்லடை: தேர்வும் பொருத்தும் முறையும்

அத்திபெலே, சந்தாபுரா, ஆனேக்கல் பகுதிகளில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியுள்ள நம் குடும்பங்கள் பலவற்றின் பின்கட்டில் இன்றும் ஒரு விறகு அடுப்பு உண்டு. சமையலுக்கு அல்ல, குளிக்க வெந்நீர் போடுவதற்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. மார்கழி விடியலில் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கும். பெங்களூரில் 1884 ஜனவரி 13 அன்று வெப்பநிலை 7.8 டிகிரி வரை இறங்கியது என்பது வானிலைப் பதிவு.

ஊரில் நாம் பழகிய செம்பு பாய்லரானாலும், கன்னட வீடுகளில் உள்ளது போல் சுவரோடு கட்டிப் பதித்த ஹண்டே அடுப்பானாலும், இரண்டுக்கும் உயிர்நாடி அடியில் இருக்கும் இரும்புச் சல்லடைதான். கடைகளில் 'கிரேட்' என்று கேட்பார்கள். அதை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதே இக்கட்டுரை.

சல்லடை எதற்கு?

நெருப்புக்குக் காற்று வேண்டும். தரையில் கொட்டிய கரிக்கு மேற்புறம் மட்டுமே காற்று படும். உள்ளே இருப்பது கனன்று அணையும். சல்லடையின் மேல் அதே கரியை வைத்தால் அடியிலிருந்து காற்று ஏறி ஒவ்வொரு துண்டையும் தொடும். சாம்பலும் தானாகக் கீழே விழும். விறகு மட்டும் எரிப்பதானால் சாம்பல் படுக்கையின் மேலும் ஓரளவு நன்றாகவே எரியும். கரி, கொட்டாங்கச்சி, நிலக்கரி ஆகியவற்றுக்குச் சல்லடை இல்லாமல் முடியாது. இங்கிலாந்தில் வீடுகளின் கணப்பு அடுப்புகள் விறகிலிருந்து நிலக்கரிக்கு மாறியபோது இரும்புச் சல்லடை அவசியமாயிற்று. அந்தப் பழக்கத்தைத்தான் வெள்ளையர் ஊட்டி பங்களாக்களுக்கும், 1809இல் தோன்றிய பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கும் கொண்டுவந்தார்கள்.

எவ்வளவு விறகு மிச்சம் என்று கணக்குப் பார்க்கலாம். நால்வர் குளிக்க 60 லிட்டர் நீரை 20 டிகிரி உயர்த்த வேண்டும் என்று கொள்வோம். அதற்குத் தேவை ஏறத்தாழ 5,000 கிலோ ஜூல், மின்சாரமானால் 1.4 யூனிட். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15,000 கிலோ ஜூல் இருக்கிறது. திறந்த அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குப் போகும் என்றால் மூன்றே கால் கிலோவுக்கு மேல் விறகு செலவு. சல்லடையும் புகைபோக்கியும் சரியாக அமைந்து ஐந்தில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தால் ஒன்றே முக்கால் கிலோ போதும். ஈர விறகானால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வெப்பத்தில் பெரும் பங்கு விறகின் நீரை ஆவியாக்கவே போய்விடும்.

வார்ப்பிரும்பே ஏன்?

வார்ப்பிரும்பு என்பது 2 முதல் 4 சதவீதம் வரை கரி கலந்த இரும்பு. ஏறத்தாழ 1,150 முதல் 1,200 டிகிரியில் உருகிவிடும். ஆகவே மணல் அச்சில் எளிதாக ஊற்றலாம். கட்டிடக் கம்பி போன்ற மென் எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆனால் அடுப்பில் நிலைமை வேறு. மெல்லிய கட்டிடக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சல்லடை சில மாதங்களில் வளைந்து தொய்ந்து, செதில் செதிலாக உதிரும். தடித்த வார்ப்பிரும்பு நெடுநாள் தன் வடிவம் மாறாமல் நிற்கும்.

நம் நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1830ஆம் ஆண்டளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவை விறகுக் கரி கொண்டு உருக்கி இரும்பு எடுத்தார். கர்நாடகத்தில் பத்ராவதி இரும்பாலை 1923இல் கரி உலையோடுதான் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று பம்பு, கிரைண்டர் உதிரிகளுக்குப் பெயர்பெற்ற கோவை வார்ப்படச் சாலைகளும், பெல்காம் வார்ப்படச் சாலைகளும் தென்னாட்டின் முக்கிய வார்ப்பு மையங்கள்.

வார்ப்பிரும்புக்கு ஒரு பலவீனம் உண்டு. அழுத்தினால் தாங்கும், இழுத்தாலோ திடீரென்று அடித்தாலோ உடையும். பொருத்தும்போது செய்ய வேண்டியவை, கூடாதவை எல்லாம் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன.

கடையில் பார்க்க வேண்டியவை

1. கம்பியின் குறுக்குவெட்டு: நல்ல சல்லடையின் கம்பி மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். மேலே நுழைந்த சாம்பல் துண்டு நடுவில் சிக்காமல் கீழே விழவே இந்த அமைப்பு.

2. இடைவெளி: கரிக்கும் கொட்டாங்கச்சிக்கும் 8 முதல் 10 மி.மீ.; விறகுக் கட்டைக்கு 12 முதல் 15 மி.மீ. அதற்கு மேல் போனால் கனல் வீணாகக் கீழே விழும். மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது திறப்பாக இருக்கட்டும்.

3. கம்பியின் திசை: கம்பிகள் அடுப்பின் வாயிலிருந்து உள்நோக்கி ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் கிளறும் கம்பி ஒவ்வொன்றிலும் முட்டும்.

4. ஓசை: சல்லடையை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சாவியால் மெல்லத் தட்டுங்கள். ஒரே மாதிரியான இரண்டைத் தட்டிப் பார்த்தால், விரிசல் உள்ளது பொத்தென்று ஒலிப்பதைக் காது எளிதில் பிரித்துவிடும்.

5. மேற்பரப்பு: குமிழித் துளைகள், குறிப்பாகக் கம்பி சட்டத்தோடு சேரும் மூலைகளில், இருக்கக் கூடாது. கனமாகக் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

6. எடை: 30 செ.மீ. சதுரம், 2 செ.மீ. உயரக் கம்பி, பாதி திறப்பு உள்ள சல்லடை சுமார் ஆறரை கிலோ இருக்கும். அதே அளவில் மூன்று கிலோ என்றால் கம்பி மெல்லியது. சீக்கிரம் எரிந்து போகும்.

காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. எஃகிலும் ஒட்டும், வார்ப்பிரும்பிலும் ஒட்டும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்கும்போது சில சொற்கள் உதவும். அடுப்பு இங்கே ஒலே, அண்டா ஹண்டே, விறகு சௌதே, கரி இத்திலு, சாம்பல் பூதி. விறகுக் கடையில் 'நீலகிரி' என்றால் மலையைச் சொல்லவில்லை, நம் தைல மரம்தான்.

அளவு எடுத்தல்

அடுப்பின் உள் அகலத்தை முன்னும் பின்னும் தனித்தனியே அளந்து, குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சல்லடை அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். காரணம் இது: வார்ப்பிரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு விரியும். 300 மி.மீ. சல்லடை 600 டிகிரி சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும். அது மட்டுமல்ல. மீண்டும் மீண்டும் செந்தணலாகக் காய்ந்து ஆறும் வார்ப்பிரும்பு நிரந்தரமாகவே சற்றுப் பெருத்துவிடும். ஆகவே சுற்றிலும் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. விடுங்கள். சிமென்ட் வைத்து இறுக்கிப் பூசினால் இரண்டில் ஒன்று உடைவது உறுதி: சல்லடை அல்லது சுவர்.

பொருத்தும் முறை

1. சாம்பல் குழி 15 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். அதன் முன்வாயில் திறந்து மூடக்கூடிய சிறு கதவு வைத்தால் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம்.

2. குழியின் இரு பக்கமும் நெருப்புச் செங்கல்லால் திண்டு கட்டுங்கள். இணைப்புக்கு நெருப்புக் களிமண் கலவையே ஏற்றது. சாதாரண சிமென்ட் 400, 500 டிகிரியில் கட்டுவிட்டு உதிரும்.

3. கால் வைத்த சல்லடையானால் முதலில் எல்லா போல்ட்டுகளையும் விரலால் மட்டும் திருகுங்கள். சமதரையில் வைத்து ஆட்டம் பாருங்கள். ஒரு கால் தரையில் படவில்லை என்றால் அதை ஸ்பேனரால் இறுக்கி இழுக்கக் கூடாது, மூலை விட்டுப்போகும். அரத்தால் தேய்த்தோ, தகடு வைத்தோ சமப்படுத்திவிட்டு, எதிரெதிர் மூலையாக மிதமாக இறுக்குங்கள்.

4. துத்தநாகம் பூசிய வெள்ளை போல்ட் வேண்டாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். மேலும் சூடேறினால் வரும் புகை உடலுக்குத் தீங்கு. பூச்சில்லாத கறுப்பு போல்ட்டே போதும்.

5. கம்பியின் அகன்ற பக்கம் மேலே வரும்படி சல்லடையைத் திண்டின் மேல் சும்மா வையுங்கள். தலைகீழாக வைத்தால் சாம்பல் சிக்கி, காற்று அடைபட்டு, 'சல்லடை சரியில்லை' என்ற பழி வரும்.

6. சல்லடைக்கும் அண்டாவின் அடிக்கும் விறகானால் 20 முதல் 25 செ.மீ., கரியானால் 10 முதல் 15 செ.மீ. விடுங்கள். மிக நெருங்கினால் சுவாலை குளிர்ந்து கரி அப்பும்.

7. முதல் நாள் பெருநெருப்பு வேண்டாம். சுள்ளி கொண்டு அரை மணி நேரம் காய்ச்சி, தானாக ஆற விடுங்கள். பூசியிருக்கும் பெயின்ட் அப்போது புகையும். கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

எரிந்து போகாமல் காப்பது

சல்லடையைக் காப்பாற்றுவது அடியிலிருந்து ஏறும் குளிர்ந்த காற்றே. அது கம்பிகளை இடைவிடாமல் ஆற்றிக்கொண்டிருக்கிறது. குழியில் சாம்பல் நிரம்பிக் கம்பியைத் தொட்டுவிட்டால், மேலும் நெருப்பு கீழும் நெருப்பு. கம்பி தொய்ந்து உருக்குலையும். ஆகையால் மறுநாள் மூட்டுவதற்கு முன் குழியைக் காலி செய்வது வீட்டில் ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் ஒரு நாள் வைத்த பிறகே செடிக்குப் போடுங்கள். பிளாஸ்டிக் கூடையில் கொட்டினால் மறைந்திருக்கும் கனல் பற்றிக்கொள்ளும். காய்ந்த சல்லடை மேல் தண்ணீர் ஊற்றி அணைப்பதும் கூடவே கூடாது. ஊற்றிய இடம் சட்டென்று சுருங்க, மற்ற இடம் சுருங்காமல் நிற்க, விரிசல் விழும்.

உயிர் காக்கும் விதிகள்

இனிச் சொல்வதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். கரி போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் சிவப்பணுவோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தூக்கக் கலக்கம். எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது கால் எழாது. புகை தெரியாமல் செக்கச்செவேல் என்று கனலும் கரியே இதில் அதிக ஆபத்தானது.

ஆகவே, பாய்லரைக் குளியலறைக்குள் வைக்காதீர்கள். திறந்த பின்கட்டில் வையுங்கள். கட்டி வைத்த அடுப்பானால் புகைபோக்கி கூரைக்கு மேல், பக்கத்து வீட்டு மாடி ஜன்னலுக்கு எதிராக இல்லாமல் முடிய வேண்டும். கல்நார் சிமென்ட் குழாயைப் புகைபோக்கியாக்க வேண்டாம். ஒட்டடை, கரி படிந்து அடைபட்டிருக்கிறதா என்று மழைக்காலம் முடிந்ததும் பாருங்கள். குளிர் என்று குமுட்டி அடுப்பில் கரியை மூட்டிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது ஒருபோதும் கூடாது. காஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. காற்றோட்டமில்லாத குளியலறையில் அவற்றால் பெங்களூரில் உயிர்கள் போயிருக்கின்றன. யாரேனும் மயங்கியிருந்தால் கதவு, ஜன்னல்களைத் திறந்து, உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108ஐ அழையுங்கள். இரு மாநிலத்திலும் எண் அதுவே.

அடுக்குமாடிக் குடியிருப்பிலும், பின்கட்டு இல்லாத வாடகை வீட்டிலும் இருப்பவர்களுக்கு விறகு அடுப்பு ஏற்றதல்ல. மின் கீசரோ, மாடியில் இடமிருந்தால் சூரிய வெந்நீர்க் கலனோ போதும். மண்ணும் வெளியும் உள்ளவர்கள் மட்டும் நல்ல சல்லடை ஒன்று வாங்கி, சொன்னபடி பொருத்தி, நாள்தோறும் சாம்பல் அள்ளி வந்தால், அது பல ஆண்டுகள் உழைக்கும்.