மாஸ்டரா, மவுஸா?

கேள்வி: கணினியில் பேட்டர்ன் போடும் இளைஞர்கள் வந்ததும், கார்மெண்ட் கம்பெனிகளில் பழைய கட்டிங் மாஸ்டர்களை ஓரங்கட்டுகிறார்களே, நியாயமா?
– வாசகர், கெலமங்கலம்

பதில்: நியாயமும் இல்லை, லாபமும் இல்லை. சண்டை மட்டும் பழசு. 1831இல் பாரிஸில் தீமோனியே என்பவரின் தையல் இயந்திரங்களைத் தையல்காரர்களே அடித்து நொறுக்கினார்கள். பிழைப்பு போய்விடுமே என்ற பயம். ஒசூர் வட்டாரத்திலும் அதே பயம்தான். சட்டையின் அடக்கவிலையில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. மாஸ்டர் அட்டை வைத்து, சாக்பீஸால் மணிக்கணக்கில் போட்ட மார்க்கரை, அதாவது துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்ற வரைபடத்தை, கணினி சில நிமிடங்களில், இன்னும் நெருக்கமாக அடுக்கித் தருகிறது. முதலாளி விடுவாரா? ஆனால் திரையில் துணி சுருங்காது. ரோலிலிருந்து பிரித்த பின்னல் துணி இழுவை தளரும்வரை சும்மா கிடக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் தைத்தபின் அளவு குறையும். சுருக்கத்தை வாஷ் டெஸ்ட் சொல்லுமே என்பீர்கள். சொல்லும், சோதித்த துண்டுக்கு. அடுத்த ரோல் மாறியிருப்பதை முதலில் பிடிப்பது பெரும்பாலும் தடவிப் பார்த்துப் பழகிய கைதான்.

மாஸ்டர்கள் தொழிலை ஒளித்துவைக்கிறார்கள் என்பது இளைஞர்களின் புகார். உண்மைதான், ஆனால் அந்த ரகசியம் ஒன்றுதானே அவர்களுக்கு வேலை உத்தரவாதம்! சொல்லிக்கொடுத்த மறுமாதமே வீட்டுக்கு அனுப்பினால் எவர் வாய் திறப்பார்? முதலாளிகளே, கற்றுக்கொடுப்பதற்கென்று தனிச் சம்பளம் வையுங்கள். மாஸ்டரைக் கணினி முன்னால் உட்காரவையுங்கள், இளைஞரைக் கட்டிங் மேசையில் ஆறு மாதம் நிறுத்துங்கள். வாசகரே, உங்கள் கம்பெனி நிர்வாகத்திடம் இதைக் கேட்டுப் பாருங்களேன்.