உட்கார ஒரு நாற்காலி

திருவனந்தபுரத்தில் பழவங்காடி பிள்ளையார் கோவில் இருக்கிறது. அங்கே தேங்காய் உடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கோவிலைத் தாண்டினால் கிழக்கேகோட்டை. பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. துணிக்கடை, பாத்திரக்கடை, பூக்கடை என்று எங்கும் கூட்டம். இந்தக் கடைகளில் பல பெண்கள் வேலை செய்கிறார்கள்.

துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அவளுக்கு இது ஏழாம் மாதம். காலையில் கடைக்குப் போனால் இரவு வரை நிற்க வேண்டும். வீடு திரும்பும்போது செருப்பு காலில் நுழைவதில்லை. பாதம் வீங்கியிருக்கும். இடுப்பு வலிக்கும்.

மாமியார் சொன்னார்: "தண்ணீர் குடிப்பதைக் குறை. உடம்பில் நீர் கோத்திருக்கிறது."

அன்று ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்தார். கால்களைப் பார்த்தார். முகத்தையும் கைகளையும் பார்த்தார்.

"தலைவலி இருக்கிறதா, தங்கச்சி? கண் மங்கலாகத் தெரிகிறதா?"

"இல்லை அக்கா."

"காலையில் எழுந்தால் வீக்கம் வடிகிறதா?"

"வடிந்துவிடுகிறது அக்கா. சாயங்காலம்தான் அதிகம்."

ஆஷா பணியாளர் மாமியாரிடம் சொன்னார்: "அம்மா, தண்ணீரைக் குறைக்க வேண்டாம். வயிறு பெரிதாகும்போது காலிலிருந்து இரத்தம் மேலே ஏறச் சிரமப்படும். அதிக நேரம் நின்றால் பாதம் வீங்கும். இவளுக்கு உட்காரவும் காலை நீட்டவும் நேரம் வேண்டும். இருந்தாலும் நாளைக்கே போய் இரத்த அழுத்தம் பார்த்துவிடலாம்."

வீட்டில் செய்யக்கூடியவை

கால் வீக்கம்: உட்காரும்போது பாதத்தைச் சிறு முக்காலியில் தூக்கி வையுங்கள். படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வையுங்கள்.

இடுப்பு வலி: குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். உட்காரும்போது இடுப்புக்குப் பின்னால் சிறு தலையணை வையுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை இருந்தால் சுகமாக இருக்கும்.

கெண்டைக்கால் பிடிப்பு: காலை நீட்டுங்கள். பாதத்தை உங்கள் பக்கமாக மெதுவாக இழுங்கள்.

குமட்டல்: முதல் மாதங்களில் இது அதிகம். எழுந்தவுடன் ஒரு ரொட்டித் துண்டோ கொஞ்சம் பொரியோ மெல்லுங்கள். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம்.

நெஞ்செரிச்சல்: கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுங்கள். சாப்பிட்ட உடனே படுக்காதீர்கள்.

மலச்சிக்கல்: கீரை, காய், பழம் சாப்பிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரும் நல்லது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் தேநீரோடு அதை விழுங்காதீர்கள். சத்து உடம்பில் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு நேரத்தில் சாப்பிடுங்கள்.

மருந்துக் கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கக் கூடாது. அது குழந்தையைப் பாதிக்கலாம். டாக்டரைக் கேட்டுத்தான் மாத்திரை சாப்பிட வேண்டும்.

கடையில் உட்காரலாமா?

"வீட்டில் சரி அக்கா. கடையில் உட்கார்ந்தால் முதலாளி திட்டுவாரே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இது அவள் ஒருத்தியின் கேள்வி இல்லை. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்ற கடைத்தெரு உண்டு. அங்கே கடைப் பெண்களுக்கு உட்கார இடமில்லாமல் இருந்தது. கழிப்பறையும் இருக்கவில்லை. சிறுநீரை அடக்க வேண்டுமே என்று பலர் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். தையல் தொழிலாளியான விஜி இதைக் கண்டார். பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு கடைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பது இப்போது சட்டம். 2021-ல் தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வந்தது.

ஆகவே நாற்காலி கேட்பது தப்பில்லை. அது உரிமை. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். தராவிட்டால் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

எப்போது பொறுத்திருக்கக் கூடாது?

எல்லா வீக்கமும் சாதாரண வீக்கம் இல்லை. எல்லா வலியும் சாதாரண வலி இல்லை. இவற்றை நினைவில் வையுங்கள்:

1. முகமும் கையும் திடீரென்று வீங்குதல்
2. விடாத தலைவலி, கண் மங்குதல், மேல் வயிற்றில் வலி
3. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல்
4. இரத்தப் போக்கு, பனிக்குட நீர் வடிதல்
5. குழந்தையின் அசைவு குறைதல்
6. காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்
7. வலிப்பு

முதல் இரண்டும் இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் வலிப்பு வரலாம். தாய், குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து. இந்த ஏழில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பழவங்காடியிலிருந்து தைக்காட்டு அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை தூரமில்லை. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை.

மறுநாள் மாமியாரே மருமகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சிறுநீரும் சோதித்தார்கள். அதிலும் குறையில்லை. "மாதாமாதம் தவறாமல் வர வேண்டும்" என்று டாக்டர் சொன்னார்.

கலந்து பேசுங்கள்

1. கால் வீங்கினால் தண்ணீரைக் குறைக்க வேண்டுமா?
2. எந்த வீக்கம் ஓய்வால் வடியும்? எந்த வீக்கத்துக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?
3. உங்கள் தெருவில் உள்ள கடைகளில் பெண்கள் உட்கார இருக்கை இருக்கிறதா? போய்ப் பார்த்து வந்து வகுப்பில் சொல்லுங்கள்.