பால்வாடியில் திராட்சை பிரிப்பதும் படிப்பா?

கேள்வி: என் பேரனுக்கு நாலு வயது. ஊர் பால்வாடிக்குப் போகிறான். திராட்சையை நிறம் பார்த்துப் பிரிப்பது, களிமண் உருட்டுவது, பாட்டு என்றே பொழுது போகிறது. கம்பத்தில் எல்.கே.ஜி. படிக்கிற எதிர் வீட்டுப் பிள்ளை நூறு வரை சொல்லுது, எழுதவும் செய்யுது. கையால் செய்கிற விளையாட்டு எப்படிப் படிப்பாகும்?
– ஒரு பாட்டி, காமயகவுண்டன்பட்டி

பதில்: அருமையான கேள்வி அம்மா. அதிலும் அந்தக் கடைசி வரியை வைத்துக்கொண்டு உளவியலாளர்கள் எத்தனையோ காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் எதிர் வீட்டுப் பிள்ளை. நூறு வரை சொல்வது நல்ல ஞாபகசக்தி, அதில் குறையில்லை. ஆனால் ஒப்பிக்கத் தெரிந்தால் எண்ணத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் தவறு. பத்துப் பதினைந்து புளியங்கொட்டையைத் தரையில் போட்டு, “அஞ்சு எடுத்துக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். இருபது வரை கடகடவென்று சொல்கிற சின்னப் பிள்ளைகளில் பலர் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுப்பார்கள். இன்னும் சிலர் ஏழு வரை சரியாக எண்ணி முடிப்பார்கள், “மொத்தம் எத்தனை?” என்றால் ஏழு என்று சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது நமக்குச் சாதாரணம். பிள்ளைக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. வாயால் ஒப்பித்து அது வந்துவிடாது. பொருளை ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தி, ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பழகப் பழகத்தான் பிடிபடும். பல்லாங்குழியில் குழிக்கு ஒரு முத்தாகப் போட்டுக்கொண்டே போகும் கை இதைத்தான் பழகுகிறது.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே இன்னொன்றையும் காட்டினார். சமமாக இரண்டு வரிசை அடுக்கி, பிள்ளையின் கண்ணெதிரே ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பினால், அதில்தான் அதிகம் இருக்கிறது என்று நாலு வயதுப் பிள்ளை சொல்லும். பரப்பினாலும் எண்ணிக்கை மாறாது என்ற தெளிவுக்கு ‘எண் மாறாமை’ என்று பெயர். அது பெரும்பாலும் ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் வரும்.

அடுத்தது எழுத்து. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பு, அதாவது இன்னும் கெட்டிப்படாத மெத்தென்ற திசு. நாலு வயதில் அவற்றில் பாதியளவில்தான் கெட்டிப்படத் தொடங்கியிருக்கும். விரல்களின் சிறு தசைகளுக்கும் இன்னும் பழக்கம் போதாது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுத வைத்தால் கை வலிக்கும், எழுத்தின் மீதே வெறுப்பு வரும். வாசலில் நீங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கோலமாவு எடுத்து இழை விடுகிறீர்களே, பென்சிலைப் பிடிப்பதும் அந்த விரல்கள்தான். களிமண் உருட்டுவதும் காம்பிலிருந்து திராட்சை கிள்ளுவதும் அவற்றுக்கான பயிற்சி. அவனாகக் கேட்டு எழுதினால் எழுதட்டும், தடுக்க வேண்டாம்.

சரி, ஏன் எல்லாவற்றையும் கலந்து நடத்துகிறார்கள்? இதை ‘ஒருங்கிணைந்த கற்றல்’ என்பார்கள்: ஒரே வேலைக்குள் மொழி, கணக்கு, அறிவியல், கைத்திறன் எல்லாம் சேர்ந்து வருவது. திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைவதால், பேரனுக்குப் பந்தல், கொத்து, கவாத்து எல்லாம் காதில் விழுந்து பழகிய சொற்கள். கொத்திலிருந்து உதிர்த்துக் கறுப்பு, சிவப்பு, பச்சை என்று பிரித்தால் அது வகைப்படுத்தல். எந்தக் குவியல் பெரியது என்றால் கணக்கு. தண்ணீரில் போட்டால் பழம் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மிதக்கும். அதைப் பார்த்தவன் வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லாமல் இருப்பானா? அங்கேதான் மொழி வளர்கிறது. நாலு வயதில் தமிழ், கணக்கு என்று தனித்தனி பீரியட் கிடையாது. கையில் இருக்கும் பொருளைப் பற்றிக்கொண்டுதான் சொல்லும் எண்ணும் மனதில் நிற்கின்றன.

இது புது மோகமும் அல்ல. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி, பாடங்களை ஒன்றோடொன்று கோத்துக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். தமிழக அங்கன்வாடிகளுக்கான ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டமும் விளையாட்டு வழியில்தான் போகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பொருளைக் கொட்டிவிட்டுப் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டால் அது வெறும் பொழுதுபோக்குத்தான். “எது அதிகம்? உனக்கு எப்படித் தெரியும்? இன்னும் ரெண்டு போட்டால்?” என்று டீச்சர் கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு நாள் பால்வாடிக்குப் போய்ப் பாருங்கள். இந்தக் கேள்விகள் காதில் விழுந்தால் கவலையை விடுங்கள்.

வீட்டிலும் செய்து பார்க்க ஆசைப்பட்டால், திராட்சையை நன்றாகக் கழுவுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுப் பழத்தைத் தின்னக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலை அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். புளியங்கொட்டையை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளாமல் பக்கத்திலேயே இருங்கள். எண்ணி முடித்ததும் டப்பாவில் போட்டு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.